பச்சை மூடி

உறையைப் பிரிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து துரைராசு ஒரே கூண்டைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான். திருடியது தெரிந்துவிடுமோ என்ற பயம்.

தஞ்சாவூரை ஒட்டிய ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் எலிகளைப் பராமரிப்பது அவன் வேலை. காவிரி மூன்று வருஷம் கைவிட்டதில் குத்தகை நிலத்தை விட்டுவிட்டு வந்தவன். வயலில் எலியைக் கண்டால் மண்வெட்டியைத் தூக்கியவன், இங்கே வெள்ளை எலிகளுக்குப் படுக்கை மாற்றிப் போடுகிறான். அதை நினைத்து அவனே சிரித்துக்கொள்வதுண்டு. இன்று சிரிப்பு வரவில்லை.

ஃபிளோரா மூன்று பாட்டில்களை மேஜைமேல் வைத்தாள். மறதி நோய்க்கு வல்லாரையிலிருந்து மருந்து தேடும் ஆராய்ச்சி மாணவி அவள். சிவப்பு மூடி, நீல மூடி, பச்சை மூடி. எதில் என்ன இருக்கிறதென்று அவளுக்கே தெரியாது. தெரிந்தால் கணக்கெடுக்கும்போது மனசு ஒரு பக்கம் சாயும் என்று, பேராசிரியர் அதை எழுதி உறையில் போட்டு ஒட்டி வைத்திருந்தார்.

"எலிக்கு மறதி வரவைக்க, மூளையக் கெடுக்குற உப்பும் இதுல இருக்குண்ணே. எந்த பாட்டில்னு இப்பத் தெரிஞ்சிடும்" என்றாள் சாதாரணமாக.

துரைராசு பச்சை மூடியையே பார்த்தான்.

மூன்றும் மருந்து என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தான். ஒன்று லேசு, ஒன்று நடுத்தரம், ஒன்று வீரியம்.

எலிகளைப் பார்த்துத்தான் அவன் தேர்ந்தெடுத்தான். பால்பவுடர் கலந்த தண்ணீர்த் தொட்டியில் எலியை விடுவார்கள். தண்ணீருக்கடியில் ஒரு சின்ன மேடை கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். முந்தின நாள் ஏறிய இடத்தை ஞாபகம் வைத்து எலி அதைக் கண்டுபிடிக்க வேண்டும். சிவப்பு மூடி எலிகள் ஓரத்தையே சுற்றிச் சுற்றி வந்தன. நீல மூடி எலிகள் தடுமாறித் தடுமாறி ஏறின. பச்சை மூடி எலிகள் நேரே போய் ஏறி நின்று மீசையைத் துடைத்துக்கொண்டன.

அன்றிலிருந்து பச்சைப் பாட்டிலில் மிஞ்சியதைக் கீழே கொட்டாமல், ஒரு டானிக் பாட்டிலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுபோனான்.

வீட்டில் அவன் மனைவி காத்தாயி இருந்தாள். வயது ஐம்பத்திரண்டுதான். சிங்கப்பூரிலிருந்து மகன் போன் செய்தால், "யாரோ கூப்புடுறாங்க" என்று அவனிடம் நீட்டிவிடுவாள். அடுப்பில் உலை வைத்ததை மறந்தாள், பிறகு அடுப்பையே மறந்தாள். இதைத் திருப்ப மருந்தில்லை என்று டாக்டர் சொன்ன அன்று, பஸ்ஸில் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தான்.

நாற்பது நாளாக, சாயங்காலம் வீடு திரும்பியதும் டானிக் மூடியால் அளந்து இரண்டு மூடி கொடுக்கிறான். கொடுக்கும்போதெல்லாம், "நான் யாரு? துரைராசு. எங்க, சொல்லு" என்பான்.

மருந்து கேட்டது. சத்தியமாகக் கேட்டது.

நழுவிய சேலையும் கலைந்த தலையுமாகக் கிடந்தவள், அவன் வரும் நேரத்தில் தலைவாரி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புழுக்கம் என்று அவன் வாய் திறந்து சொல்லாமலே, அவன் பாயை எடுத்து வாசல் கொட்டகையில் விரித்தாள். பத்து நாளைக்கு முன்னால், அவன் கேட்காமலே, "துரைராசு" என்றாள்.

கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் "என்னங்க" என்பதைத் தாண்டி அவனை அழைத்தவள் இல்லை. அவனுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. கொல்லைப்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தான்.

இப்போது அந்த ஞாபகமே பயமாக இருந்தது. வயலுக்கு அடிக்கும் மருந்தைக் குடித்தவன்கூட இரண்டு நாள் தெளிவாகப் பேசுவான். பிழைத்துக்கொண்டான் என்று சொந்தக்காரர்கள் டீ குடிக்கப் போவார்கள். மூன்றாம் நாள் ஊருக்குச் சொல்லியனுப்ப வேண்டியிருக்கும். பச்சை எலிகளின் சுறுசுறுப்பும் அப்படிப்பட்டதாக இருந்தால்? தன் கையாலேயே, தினமும் இரண்டு மூடி.

உள்ளே வந்த பேராசிரியர் உறையைப் பிரித்துக் காகிதத்தைப் படித்தார்.

சிவப்பு, உப்பு. நீலம், உப்போடு வல்லாரை. பச்சை, வெறும் தண்ணீர்.

"நோயில்லாத எலி எப்படி நீந்துதுன்னு ஒப்பிட்டுப் பாக்கணும்ல, அதுக்குத்தாண்ணே" என்றாள் ஃபிளோரா.

துரைராசு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மயக்கமா என்று அவள் ஓடிவந்தாள். அவன் சிரித்தான்.

தண்ணீர். விஷமில்லை. அவளுக்கு ஒரு கெடுதலும் செய்துவிடவில்லை. அப்படியானால் காத்தாயி மருந்தே இல்லாமல் தானாகத் தேறிக்கொண்டிருக்கிறாள். அம்மன் கண் திறந்துவிட்டாள். வேறெதையும் யோசிக்க அவனுக்கு மனமில்லை.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டில் இரண்டு முழம் மல்லிகை வாங்கினான். வாங்கி எத்தனை வருஷமாயிற்று என்று கணக்குப் பார்த்துக்கொண்டே வந்தான்.

காத்தாயி வாசலில் நின்றிருந்தாள். தெளிவான முகம். அவனைக் கண்டதும் அடையாளம் தெரிந்து தலையசைத்தாள்.

பொட்டலத்தைப் பிரித்துப் பூவை நீட்டினான்.

அவள் ஓரடி பின்னால் போனாள். முந்தானையைத் தோளோடு இறுக்கிக்கொண்டு, தெருவில் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"துரைராசு, நீங்க நல்லவங்கதான். தெனம் மருந்து கொண்டாந்து குடுக்குறீங்க. ஆனா பூவெல்லாம் வேண்டாங்க. எங்க வீட்டுக்காரரு வர்ற நேரம்."