சுவர்ப்பக்கம்

ஒரே ஒரு வரி.

அதைச் சேர்த்துவிட்டால் கூடத்திலிருக்கும் கணினி இனி யாரிடமும் நிர்வாகி கடவுச்சொல் கேட்காது.

யாரிடமும் என்றால், மாமனாரிடம்.

அவர் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. தைல வாசனை போதுமாக இருந்தது.

தினமும் காலையில் இதே வாசனை. அவன் ஷூ மாட்டும் நேரம் பார்த்து இதே குரல்.

"அந்த இன்னொரு டிஸ்க்க மட்டும் தொறந்து விட்டியன்னா போதும், மாப்ள."

அந்த இன்னொரு டிஸ்க்கில் இருப்பது குப்பை. பழைய படங்கள், காலாவதியான ரசீதுகள். மாமியார் இறந்தபோது அவர் போனில் கிடந்ததையும் அவன்தான் அதில் கொட்டி வைத்தான். அதன்பின் எட்டிப் பார்த்ததில்லை.

கிழவர் அதில் எதைத்தான் தோண்டுகிறாரோ. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார். பிரசங்கமாக இருக்கும். அல்லது தூக்கமாக.

விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸை அவன் போட்டதே கண்டவர்களும் கைவைக்கக்கூடாது என்றுதான். ஆனால் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் கிழவர் எதையோ அழுத்தித் திரையைத் தலைகீழாக்கிவிட்டார்.

சொல்லவும் இல்லை. இரண்டு நாள் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துச் செய்தி படித்திருக்கிறார்.

இதைச் சொல்லி அலுவலகத்தில் எல்லோரையும் சிரிக்கவைத்தான். அன்று மாலையே நிர்வாகி உரிமையைத் தன் கடவுச்சொல்லுக்குள் பூட்டினான். அதோடு அந்த டிஸ்க்கும் பூட்டிக்கொண்டது.

மகள் வீட்டில் வந்து இருப்பவர் அங்கே எது கெட்டுப்போனாலும் வாய் திறக்கப் பயப்படுவார். அது அவனுக்குத் தோன்றவில்லை.

நேற்று எமிமா சாப்பாட்டுத் தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"எங்கப்பாவ தினமும் உங்க முன்னாடி நிக்க வைக்காதீங்க."

சொல்லிவிட்டு, கூட உட்காராமல் போய்விட்டாள்.

சரி. அப்பனும் மகளும் எப்படியோ போகட்டும். திறந்து போட்ட சத்திரமாகவே இருக்கட்டும்.

வரியை எழுதினான். சேமிப்பதற்கு முன் கணினி கடைசியாக ஒருமுறை கடவுச்சொல் கேட்டது.

பின்னால் செருப்பு தேயும் சத்தம்.

மாமனார் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

எப்போதும் அப்படித்தான். அவன் கடவுச்சொல் தட்டப் போனாலே திரும்பிவிடுவார். யாரும் சொல்லித்தரவில்லை. இத்தனைக்கும் தட்டும் எழுத்து எதுவும் திரையில் தெரியாது. ஒரு புள்ளிகூட விழாது. அது அவருக்கு எங்கே தெரியப்போகிறது.

அவனுக்குச் சிரிப்பு வந்தது.

தட்டினான். சேமித்தான்.

சரிபார்க்க அந்த டிஸ்க்கைச் சொடுக்கினான். எதுவும் கேட்காமல் திறந்தது. கடைசியாகத் திறந்த கோப்பு மேலே நின்றது. சின்ன ஒலிப்பதிவு. கையோடு அதையும் சொடுக்கினான்.

ஒயர் மாட்டியிருக்கவில்லை. கூடம் முழுவதும் மாமியாரின் குரல் கேட்டது.

"அடுப்ப அணைச்சியளா? பால வச்சிட்டு பேப்பர்ல முழுகிராதிய. நான் கோயில்ல இருந்து வர நேரமாவும். என்ன, கேக்குதா?"

பின்னணியில் மணிச் சத்தம். யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம். பிறகு எதுவுமில்லை.

சுவர்ப்பக்கமிருந்து, மிக மெதுவாக, ஒரு பதில் வந்தது.

"அணைச்சிட்டேன், சுகிர்தம்."

அவனுடைய விரல் சுட்டியின் மேலேயே இருந்தது.

தினமும் காலையில் அவன் திறந்துவிட்டுப் போனது இதைத்தான். அவனுக்கு நேரமில்லாத நாட்களில், "நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லித் திறக்காமல் போனதும் இதைத்தான்.

மாமனார் இன்னும் சுவரைப் பார்த்தபடியே நின்றார். பின்கழுத்தில் சட்டைக் காலர் மடங்கியிருந்தது.

"போட்டாச்சா மாப்ள? திரும்பலாமா?"

அவன் எழுந்தான். நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினான். மேசையில் கிடந்த ஒயரை எடுத்துச் சிக்கு நீக்கி, அவர் கைக்கு எட்டும்படி வைத்தான்.

"உக்காருங்க மாமா."

பிறகு அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.