பத்து மணித் தறி

பக்கத்து வீட்டுத் தறி நின்றது. மஹாலட்சுமி கடிகாரத்தைப் பார்த்தாள். டாண் என்று காலை பத்து.

"பாருங்க, ஐயா படுத்தாச்சு" என்றாள்.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவன் பிரேம்நாத் திரும்பினான். "யாரு?"

"வேணுகோபால் அண்ணன்தான். விடியக்காலை நாலு மணிக்கே தடக்கு தடக்குன்னு ஓட்டி நம்ம தூக்கத்தைக் கெடுக்க வேண்டியது. பத்து மணிக்கு நிறுத்திட்டு அவர் தூங்க வேண்டியது. அவர் சம்சாரம்தான் பாவங்க."

"உனக்கென்னம்மா, கதைக்கு ஆள் கிடைச்சாச்சு!"

உண்மைதான். பிள்ளையார்பாளையத்துக்குக் குடிவந்த இந்த இரண்டு வருஷத்தில், அடுப்படி வேலையை முடித்துவிட்டு, ஒவ்வொரு வசனத்தையும் உரக்கச் சொல்லிப் பார்த்து அவள் எழுதிய நாவலில் பலராமன் என்று ஒரு சோம்பேறி நெசவாளி வருவான். பத்து அடித்தால் தறியை விட்டு எழுந்து, நீலத் துண்டை விரித்துக் காலை நீட்டிவிடுவான்.

எந்தப் பதிப்பகமும் சீந்தவில்லை. வாராவாரம் இணையத்தில் தானே போட்டாள். வாசகர்கள் கதாநாயகியை அம்போவென்று விட்டுவிட்டுப் பலராமனைக் கொண்டாடினார்கள். அந்தத் தைரியத்தில் தானே புத்தகமாகவும் போட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் வேணுகோபாலே வந்து நின்றார்.

"புக்கு போட்டிருக்கீங்களாமே? எங்க பொண்ணு காயத்ரி சொல்லிச்சு. ஒண்ணு குடுங்கம்மா."

மறுக்க முடியுமா? கொடுத்தாள். அதோடு நிம்மதி போயிற்று. பெயரைத்தான் மாற்றியிருந்தாளே தவிர, பத்து மணியும் நீலத் துண்டும் அப்படியே இருந்தன. இனி எந்த முகத்தோடு இந்தத் தெருவில் நடப்பது?

நாலாம் நாள் வேணுகோபால் புத்தகத்தோடு வந்தார். தோளில் அதே நீலத் துண்டு.

"பொண்ணு முழுசா படிச்சிக் காட்டிச்சும்மா. சிரிச்சி சிரிச்சி வயிறு வலிச்சிப் போச்சு. அந்தப் பலராமன் இருக்கறானே..."

"அது... சும்மா கற்பனைண்ணா."

"கற்பனை இல்லம்மா. அந்த மாதிரி ஆளுங்க நெஜமாவே இருக்கறாங்க. அவனுங்களாலதான் நம்ம தெருவுக்கே கெட்ட பேரு."

அப்பாடா! மனுஷனுக்குத் தன்னையே அடையாளம் தெரியவில்லை. அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. அடக்கிக்கொண்டாள்.

வேணுகோபால் போகாமல் தயங்கி நின்றார்.

"இன்னொண்ணு கேக்கணும்மா. இந்தக் கத முடிஞ்சிடுச்சில்ல, அடுத்தது எப்ப ஆரம்பிக்கறீங்க?"

"ரெண்டு மாசம் ஆகும். ஏண்ணா?"

"இல்ல, ரெண்டு வூட்டுக்கும் ஒரே சுவருதானே. நீங்க பேசிக்கினே எழுதறது எங்களுக்குக் கேக்குது. நான் தறி ஓட்டினா உங்க கொரலு நின்னுடுது, நிறுத்தினா மறுபடி ஆரம்பிச்சிடறீங்க. அதான் நாலு மணிக்கே எழுந்து ஓட்டிட்டு, பத்துக்கு நிறுத்திடறது. இந்த ரெண்டு மாசம் மட்டும் பத்து மணிக்கு மேலயும் ஓட்டிக்கட்டுமாம்மா?"