மாத்திரைக்குப் பின்

பொம்மசந்திரா ஆபீஸ் அறை முழுக்க முட்டை பப்ஸ் நாறுகிறது. ரத்தப் புற்றுநோய் செல்களை வளரத் தூண்டும் சமிக்ஞையை மறிக்கிற மாத்திரை, நாங்கள் நான்கு வருஷம் உழைத்துச் செய்தது. அதைச் சோதனைக்காகச் சாப்பிட்ட பெண்ணின் இரண்டு போட்டோக்கள் மேஜைமேல் கிடக்கின்றன. ஒன்றில் மண்ணீரல் வீங்கி வயிறு பானையாக இருக்கிறது, மற்றதில் வற்றியிருக்கிறது. இரண்டிலும் கண்களை மறைத்துக் கறுப்புப் பட்டை. வற்றிய வயிற்றின்மேல் மேனேஜர் கேசவ் எண்ணெய் விரலை வைக்கிறார். "ப்ரோஷருக்கு ஓகே. ஆனா கொஞ்சம் சிரிச்சிருக்கலாம். இன்னொண்ணு எடுக்கச் சொல்லுங்க, ரஞ்சனி."

"அவங்க போன வாரம் இறந்துட்டாங்க, சார்."

அவர் மென்று விழுங்குகிறார். "அடடா. சரி, அப்ப இதையே வெச்சுக்கலாம்."

அந்த வயிற்றில் ஒட்டிய எண்ணெயைத் துப்பட்டாவால் துடைக்கிறேன். அது முகம்வரை பரவுகிறது.