இரண்டு கை உப்பு

"உப்பா? யாரக் கேட்டுக்கா இறால் ஓட்டுல உப்பப் போட்டீங்க?"

போனில் ஹரிணி போட்ட சத்தத்தில் லேபில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

புதுக்கோட்டையில் ஆராய்ச்சி மாணவி அவள். இறால் ஓட்டை உலையில் கரியாக்கி, அந்தக் கரியில் கரண்டைச் சேமித்துக் காட்ட வேண்டும். ஓடு அனுப்புவது கோட்டைப்பட்டினம் ரஹ்மத் நிஷா. இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை. கேட்ட மறுநாளே மூட்டை பஸ்ஸில் வந்துவிடும்.

இன்று உலையைத் திறந்தால், கரி மேலெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது! நாளைக் காலை ரிவ்யூ. தேறாவிட்டால் ஆராய்ச்சிக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். வயிறு எரியாதா?

"அழுகிடக் கூடாதேன்னு, கருவாட்டுக்குப் போடுற மாதிரி ரெண்டு கை..."

"இது என்ன மீன் கொழம்பா? ஒரு வேலை சொன்னா ஒழுங்காச் செய்ய மாட்டீங்களா?"

"தப்புத்தாம்மா" என்ற ரஹ்மத் நிஷா மேலே ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் ஹரிணி போனை வைத்துவிட்டாள்.

வேறு கரிக்கு நேரம் ஏது? விதியே என்று அதையே கழுவி, காயவைத்து, பேட்டரி மாதிரி செய்து சார்ஜ் ஏற்றினாள். மறுநாள் எல்லார் முன்னாலும் குட்டி பல்பை மாட்டினாள். போன தடவை இரண்டே நிமிஷத்தில் உயிரை விட்ட பல்பு.

இரண்டு நிமிஷம் ஆச்சு. ஐந்து ஆச்சு. பத்தும் ஆச்சு. அட, அணையவே இல்லை!

"பிரமாதம்மா!" என்றார் பேராசிரியர் ரகுநாத், அவள் செய்முறைக் குறிப்பைப் புரட்டியபடி. "உப்பு கரைஞ்ச எடமெல்லாம் கரியில பொடிப்பொடி ஓட்டையாயிருக்கு. கரண்ட் தங்குறதே அதுலதான். உப்புப் போடணும்னு எப்படித் தோணுச்சு?"

ஹரிணிக்கு அப்பாடா என்றிருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

"எனக்குத் தோணல சார், ரஹ்மத் நிஷா அக்காவுக்குத்தான் தோணுச்சு" என்றவள், வெளியே ஓடிவந்து போன் போட்டாள்.

"அக்கா, பாஸாயிட்டேன்! நேத்து வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. இனிமே உப்புப் போட்டே அனுப்புங்க. நாளைக்குப் புது ஓடு கெடைக்குமா?"

ரஹ்மத் நிஷா சிரித்தாள்.

"புது ஓட்டுக்கு எங்கிட்டும்மா போறது? மீன்பிடித் தடைக்காலம்ல! போட்டெல்லாம் கரையேறி நாப்பது நாளாச்சு, ஷெட்டும் பூட்டித்தான் கெடக்கு. எங்களுக்குத்தான் வேலையில்ல, ஒங்க படிப்புமா நிக்கணும்னுட்டுத்தான் தடைக்கு முன்னாடியே ரெண்டு மூட்டைய உப்புல போட்டு வச்சேன். இன்னொரு மூட்டை வீட்டுல இருக்கு, பஸ்ல ஏத்தி விடவா?"