வீடு தூக்கி

மூன்றாவது முறையும் அவன் அழுதான்.

அவள் தாளைக் கசக்கவில்லை. மற்ற இரண்டின் மேல் வைத்தாள்.

படத்தில் ஒரே ஆள். குனிந்த முதுகு. முதுகின் மேல் ஒரு முழு வீடு. ஓட்டுக் கூரை, வாசல்படி, கொடியில் காயும் துணி உட்பட. கூரையில் 'வீட்டு வரி' என்று எழுதியிருக்கும்.

தேர்தலுக்காக அவள் வரைந்தவன். ஊர்ச்சுவர் முழுக்க ஒட்டினார்கள். டீக்கடைகளில் அவனுக்கு 'வீடு தூக்கி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவனைக் காட்டித்தான் வைரவன் கவுன்சிலர் ஆனார்.

இப்போது வரியை ஏற்றியிருப்பது வைரவனின் கட்சி.

காலையில் வந்திருந்தார்.

"அதே ஆளு, தங்கச்சி. சனங்களுக்குப் பழகின மூஞ்சி. சிரிக்கிற மாதிரி மட்டும் போட்டுரு. கீழ 'மகிழ்ந்து வரி கட்டுவோம்'னு எழுது."

"அப்ப வீட்ட முதுகுலேருந்து எறக்கிரவாண்ணே?"

"அதெப்படி? வீடே இல்லாதவன் எதுக்கு வரி கட்டுறான்னு கேப்பானுக. வீடு இருக்கட்டும். அவன் சிரிக்கட்டும்."

கிளம்பும்போது வாசலில் நின்று பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தார்.

"இந்தக் கடைய ஏலத்துக்கு விடப் போறதா பேச்சு அடிபடுது. நான் ஒரு வார்த்த சொன்னா நிறுத்திருவாக. பாத்துக்கலாம்."

பேருந்து நிலையத்தில் நகராட்சி கட்டிய கடை. போஸ்டர் அச்சடிக்கிற இந்த நாலு சுவரை விட்டால் அவளுக்கு வேறு இடமில்லை. ஏலம் என்று வந்தால் முதல் ஆள் தொகை கேட்டதுமே அவள் வெளியே நிற்க வேண்டியதுதான்.

உதட்டை வளைத்துப் பார்த்தாள். பல்லைக் கடித்தான். கன்னத்தை உப்ப வைத்தாள். குடித்தவன் போலிருந்தான். கண்ணைச் சுருக்கினாள்.

அழுதான்.

வெகு நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எழுந்தாள். கடையில் யாருமில்லை. தாள் கட்டு ஒன்றை மேசை விளிம்புக்கு இழுத்து, முதுகைக் கொடுத்து ஏற்றிக்கொண்டாள். கைகழுவும் தொட்டிக்கு மேலிருந்த கண்ணாடியின் முன்னால் போய்க் குனிந்து நின்றாள்.

சிரி, என்றாள்.

உதடு மட்டும் வளைந்தது. கண் வரவில்லை.

நல்லதாக எதையாவது நினைக்கப் பார்த்தாள். தங்கை கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் பாயசத்தில் வழுக்கி விழுந்தது. வந்தது. வந்த வேகத்தில் போனது. கட்டு தோளை அறுத்தது.

"என்ன தங்கச்சி, ஆச்சா?"

பின்னால் வைரவன். வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

அவளால் திரும்ப முடியவில்லை. திரும்பினால் கட்டு சரியும்.

"ஆச்சுண்ணே. நாளைக்கு ஒட்டிரலாம்ணே."

சொல்லும்போதே கண்ணாடியைப் பார்த்தாள்.

சிரித்துக்கொண்டிருந்தாள்.

உதடு, கண், கன்னம். ஒரு குறை இல்லை.

அவர் போன பிறகும் அது உடனே போகவில்லை. அது போவதற்குள் கட்டை இறக்கிவிட்டுப் பேனாவை எடுத்தாள். நாலு கோடு போதுமாக இருந்தது.

மறுநாள், கயிற்றில் காயும் போஸ்டர்களுக்கு நடுவில் வைரவன் நின்றார்.

"இதத்தானே கேட்டேன். இதுக்குப் போயி நேத்துப் பூரா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தியே."

மறுபடி பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார்.

"எங்கயோ பாத்த சிரிப்பாவுல்ல இருக்கு."

அவள் அடுத்த தாளைக் கயிற்றில் மாட்டினாள்.

அவருடைய போன் அடித்தது. திரையில் பெயரைப் பார்த்ததும் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"சொல்லுங்கய்யா... ஆமாங்கய்யா, பஸ்ஸ்டாண்டு கடைதான். நாந்தான் ஏலத்த நிறுத்தச் சொல்லி..."

நிறுத்திக்கொண்டார். கேட்டார்.

அவளைப் பார்த்தார். பார்வையைக் கயிற்றின் பக்கம் திருப்பினார்.

"உங்க மச்சானுக்காங்கய்யா? அது தெரியாமப் போச்சுங்கய்யா. ஏலத்த நடத்திரலாங்கய்யா. சந்தோசங்கய்யா."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

மறுமுனையில் இருப்பவர் அந்த முகத்தைப் பார்க்க முடியாது.

ஆனாலும் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.