சுவரோரத்துக் குரல்

"பாஸ்டர், ஒண்ணு அவர் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

ஆராதனை முடிந்த கையோடு பாஸ்டரின் அறைக்கு வந்து நின்றாள் ஞாயிறு பள்ளி டீச்சர். 'அவர்' என்றது ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டரை.

ஆலயத்தின் கடைசி வரிசையில், சுவரை ஒட்டிய இடம் அவருடையது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் பிள்ளைகளின் வகுப்பு. வாராவாரம் பாஸ்டர் கைக்கு ஒரு சீட்டு வந்துவிடும். 'பிள்ளைகள் சத்தம் அதிகம்.' 'நாற்காலி இழுக்கும் சத்தம்.' 'தும்மல், தொடர்ந்து ஏழு.'

"தும்மலைக்கூட எண்ணுறார் பாஸ்டர். போன வாரமும் ஒரு சீட்டு நீட்டினாராமே?"

"நீட்டினார்."

"பிள்ளைங்களோட பழகத் தெரியாத மனுஷன். என் வகுப்புல இருபத்திரண்டு பேர். ஒவ்வொருத்தரும் எனக்கு அத்துப்படி. ஆசிரியர் பயிற்சியில 'பிள்ளைகளோடு உறவு'ன்னு ஒரு மணி நேரம் பேசினதே நான்தான்."

"ஒன்றரை மணி நேரம்மா. நானும் இருந்தேனே."

பாஸ்டர் மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே பிரிக்காத சீட்டுகள் ஒரு கத்தை.

"எப்பவும் ஒரே பாட்டுதானேன்னு இப்பல்லாம் நான் பிரிக்கிறதே இல்லை. இதுதான் போன வாரத்துது. நீங்களே படிங்க."

டீச்சர் பிரித்தாள்.

'மூன்று வாரமாகச் சுவரோரத்துப் பிள்ளையின் குரல் கேட்கவில்லை. பாட்டை எல்லாருக்கும் அரை வரி முன்னால் ஆரம்பிக்கும் பிள்ளை. விசாரிக்கவும்.'

"பாத்தீங்களா? சத்தம் போட்டாலும் புகார், போடலைன்னாலும் புகார். எல்லாரும் வந்துட்டுதான் இருக்காங்க. இந்தாங்க, ரிஜிஸ்டர்."

பாஸ்டர் புரட்டினார். இன்றோடு சேர்த்து நாலு வாரமும் இருபத்திரண்டு பேருக்கும் டிக்.

"சுவரோரம் உட்கார்றது யாரும்மா?"

"சலவைக் கடைக்காரர் மக. பேசவே மாட்டா. இன்னைக்குக்கூட..."

டீச்சர் நிறுத்தினாள். யோசித்துப் பார்த்தாள். அந்த நாற்காலியில் மற்றப் பிள்ளைகளின் பைகள் குவிந்திருந்ததுதான் ஞாபகம் வந்தது. போன வாரமும் பைகள்தான்.

"வழக்கமா எல்லாரும் வந்துருவாங்க பாஸ்டர். அதனால மொத்தமா டிக் போட்டுருவேன்." குரல் இறங்கிவிட்டது.

பிரிக்காத கத்தையை டீச்சர் பார்க்காதபடி உள்ளே தள்ளி, இழுப்பறையை மூடினார் பாஸ்டர்.

சாயங்காலம் பழப்பையோடு சலவைக் கடை மாடிக்கு ஏறினாள் டீச்சர். கதவைத் திறந்த அம்மாவின் தோளில் மடிக்க வேண்டிய துணிகள்.

"வாங்க டீச்சர். இந்தப் படியிலதான் விழுந்தா. காலெலும்பு முறிஞ்சு மாவுக்கட்டு போட்டு நாலு வாரமாச்சு."

"ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமே."

"கடையை விட்டு எங்க நகர முடியுது? யாராவது கேட்டு வருவாங்கன்னு இருந்தோம்."

டீச்சர் பழப்பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

உள்ளிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. பிள்ளையின் குரல்தான். பின்னாலேயே கரகரவென்று இன்னொரு குரல், எட்டிப் பிடிக்க முடியாமல் ஓடி வந்தது.

"யாரு கூடப் பாடுறது?"

"ஸ்டேஷன் மாஸ்டர் ஐயா. ஆலய வாசல்ல பிள்ளைங்ககிட்ட விசாரிச்சு, போன திங்கட்கிழமையே தேடிட்டு வந்துட்டாரு. அதுலேருந்து தினமும் வர்றாரு. தங்கமான மனுஷன்."

அம்மா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"என்ன, இவ மெதுவாப் பாடினா மட்டும் அவருக்குக் கோபம் வந்துடும்."