மீட்டர் முள்

கல்யாணமாகி ஒரு மாதம் ஆகியும் பூங்கோதை கணவன் கையைப் பிடித்ததில்லை. அவள் உள்ளங்கை எந்நேரமும் வியர்த்து வழியும், முந்தானைக்குள் ஒளித்துக்கொள்வாள். அதைக் கவனித்துவிட்ட அவள் கணவன், ரேடியோ மெக்கானிக் தங்கப்பழம், ஒன்பது வோல்ட் பேட்டரியை மீட்டரோடு இணைத்து இரண்டு ஒயர் முனைகளையும் தானே பிடித்தான். முள் லேசாக அசைந்தது. அவளிடம் நீட்டினான். தயங்கித் தயங்கிப் பிடித்தாள். முள் துள்ளி ஏறியது.

“அதே பேட்டரிதான். ஈரக்கையில தடை கம்மி, கரண்டு தாராளமா ஓடுது. இப்படி ஒரு கைய நான் பாத்ததே இல்ல!” என்றான், முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பூங்கோதை ஒரு ஒயரை அவனிடம் கொடுத்துவிட்டு, அவனுடைய காய்ந்த மறுகையை முதல்முறையாகப் பற்றினாள். முள் சட்டென்று இறங்கியது.

“இப்ப தடுக்கிறது நீங்கதான்” என்றாள்.

அவன் அவள் கையை விடவில்லை. கொஞ்ச நேரத்தில் முள் மெல்ல ஏறத் தொடங்கியது.